புக்கெட் விடுமுறையின் அடக்கவிலை

சீனாவிலிருந்து ஒரு கொன்டெய்னர் சரக்கு எடுக்கும் வியாபாரி, தொழிற்சாலை விலையை மட்டும் பார்த்துப் பணம் கட்டமாட்டார். கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, கிளியரிங், லொறிக் கூலி எல்லாம் கூட்டி, சரக்கு கடைக்கு வந்து இறங்கும்போது என்ன விலை என்றுதான் கணக்குப் போடுவார். அதே வியாபாரி குடும்பத்தோடு வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போகும்போது டிக்கட்டையும் அறை வாடகையையும் மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார். மிச்சச் செலவு அங்கு போய் இறங்கிய பின்னர்தான் தெரியவருகிறது.

மாணிக்கக்கல்லுக்கும் ஆயத்த ஆடைக்கும் நம்மவர்கள் நெடுங்காலமாகப் போய்வரும் நாடு தாய்லாந்து. அங்குள்ள புக்கெட் தீவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மாதம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையில் அடிக்கும். பேர்போன கடற்கரைகள் எல்லாம் இருப்பது அந்தக் கரையில்தான். ஓகஸ்ட் விடுமுறையில் அறை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கக் கூடாது. அதை அலட்சியம் செய்து நீரோட்டத்தில் அள்ளுண்டு இறப்போர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. பிள்ளைகள் கடல் குளிக்க ஆசைப்பட்டால், அம்மாதத்தில் தாய்லாந்து வளைகுடாவிலுள்ள சமுயி தீவு பொருத்தமானது. அங்கு பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையே.

இரண்டாவது, போய்ச் சேருதல். 2024 ஜூலையில் இலங்கையர் வீசா இன்றி 60 நாள் தங்கத் தாய்லாந்து அனுமதித்தது. இத்தகைய விதிகள் அடிக்கடி மாறுபவை. டிக்கட் எடுக்குமுன் கட்டாயம் விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 மே முதல் வருகைப் படிவத்தை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளம் அரசாங்கத்தினுடையது அல்ல. பாங்கொக்கில் இரண்டு விமான நிலையங்கள் இருப்பதையும் மறக்க வேண்டாம். சுவர்ணபூமியில் இறங்கி, மலிவு டிக்கட்டுக்காக டொன் முவாங் போய் விமானம் ஏறுவதானால் இடையில் பல மணி நேரம் விட்டு வையுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: எந்தக் கடற்கரையில் தங்குவது? இதைப் பகலை வைத்துத் தீர்மானிக்காமல், இரவை வைத்துத் தீர்மானியுங்கள். கடலும் மணலும் எங்கும் உண்டு. இரவுதான் இடத்துக்கு இடம் வேறு.

பட்டொங் தீவின் இரவுக் கேளிக்கைக்குப் பெயர்போன இடம். அங்குள்ள பங்க்லா வீதி மாலையானதும் வாகனங்களுக்கு மூடப்பட்டு மதுச்சாலைகளின் வீதியாகிவிடும். 2023 டிசம்பரில் புக்கெட்டின் இரவு விடுதிகளை அதிகாலை 4 மணி வரை திறக்க அனுமதி கிடைத்தது. அதன் பக்கத்தில் மலிவான அறை எடுத்தால் குடும்பத்துக்கு நித்திரையும் இல்லை, பிள்ளைகளோடு வெளியில் நடக்கவும் முடியாது. வடக்கேயுள்ள கமலா, பங்தாவ் பகுதிகள் முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழும் ஊர்கள். பள்ளிவாசலும் ஹலால் சாப்பாட்டுக் கடைகளும் அருகிலேயே உண்டு. விமான நிலையத்திலிருந்து பட்டொங்கைவிடக் கிட்டவும் ஆகும்.

இரவில் குடும்பத்தோடு போக இடமில்லை என்று எண்ண வேண்டாம். புக்கெட் நகரின் தலாங் வீதியில் ஞாயிறு மாலைகளில் நடைபாதைச் சந்தை கூடும். ஈய வியாபாரத்தில் செழித்த காலத்துப் பழைய கடை வீடுகளும் துணிக்கடைகளும் உள்ள வீதி அது. வியாபாரிக்குப் பார்க்க நிறைய உண்டு. சனி, ஞாயிறில் நாக்கா சந்தையும் உண்டு. பகலில் ஒரு நாளை ஒதுக்கி, பங்ஙா வளைகுடாவில் தூண்கள் மேல் கட்டப்பட்ட முஸ்லிம் மீனவர் கிராமமான பன்யீக்குப் படகில் போய்வரலாம்.

நான்காவது, வாகனக் கூலி. அங்கு பட்ஜெட்டை விழுங்குவது இதுதான். ஓர் உதாரணக் கணக்கு: நாளுக்கு 500 பாத் குறைவு என்று கடற்கரைக்குத் தூரமான ஹோட்டலை எடுத்து, போக 400, வர 400 கொடுத்தால், மிச்சம் பிடித்ததற்கு மேலாக 300 பாத் நட்டம். டுக்டுக்கில் ஏறுமுன் கூலியைப் பேசி முடியுங்கள். மோட்டார் சைக்கிளுக்கோ ஜெட் ஸ்கீக்கோ கடவுச்சீட்டை ஒருபோதும் அடகாகக் கொடுக்க வேண்டாம். எடுக்குமுன் அதிலுள்ள கீறல்களைப் படம் பிடித்து வைத்தால், திருப்பிக் கொடுக்கும்போது வீண் நட்டஈடு கேட்பது குறையும்.

ஆகவே முற்பதிவு செய்யுமுன் ஒரு தாளை எடுங்கள். டிக்கட், அறை, தினசரி வாகனம், சாப்பாடு, படகுப் பயணம், கைச்செலவு என்று வரிவரியாக எழுதிக் கூட்டி, தங்கும் நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளின் உண்மையான அடக்கவிலை வரும். அந்தத் தொகை தாங்காவிட்டால் இரண்டு நாளைக் குறையுங்கள். கடன் அட்டையில் போட்டு, சீசனில் சரக்கு எடுக்க வேண்டிய முதலைக் கடற்கரையில் விட்டுவர வேண்டாம்.