இழுக்கும் சக்தியும் நிறுத்தும் சக்தியும்

டிராக்டர் வாங்க எண்ணும் விவசாயி முதலில் விசாரிப்பது அதன் குதிரைத்திறனைப் பற்றியே. எத்தனை டன் கரும்பை அது இழுக்கும், எத்தனை நெல் மூட்டைகளை ஒரே நடையில் கொண்டுபோகலாம் என்பவை அடுத்த கேள்விகள். ஏற்றிய பாரத்தை எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்த முடியும் என்ற கேள்வியோ பெரும்பாலும் எழுவதே இல்லை. டிரெய்லர் வாங்கும்போதும் இவ்வாறே. தகட்டின் கனத்தையும் டயரின் தரத்தையும் பார்க்கிறோம். சக்கரத்தினுள் பிரேக் உண்டா என்று குனிந்து பார்ப்பவர் சிலரே. அறுவடைக் காலத்தில் நம் சாலைகளில் ஓடும் டிரெய்லர்களில் பல, தமக்கென ஒரு பிரேக்கும் இல்லாமலேயே ஓடுகின்றன. அவற்றை நிறுத்தும் பொறுப்பு முழுவதும் முன்னே செல்லும் டிராக்டரின் மேல் விழுகிறது. இது ஏன் ஆபத்தானது, டிரெய்லருக்கு எவ்வகைப் பிரேக் ஏற்றது, அதனைச் சீராக அமைப்பது எப்படி என்பவற்றை அங்கத்தினர்களுக்கு இங்கே விளக்க விரும்புகிறோம்.

பாரம் தள்ளும் கணக்கு

இரட்டை மாட்டு வண்டி இறக்கத்தில் இறங்கும்போது நிகழ்வதை நாம் அறிவோம். மேட்டில் மாடு வண்டியை இழுத்தது. இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளுகிறது. நுகத்தடி முன்னே நகர்ந்து கழுத்தை அழுத்த, மாடுகள் கால்களை ஊன்றிப் பின்வாங்குகின்றன. இதனை அறிந்தே நம் முன்னோர் சக்கரத்தின்மேல் கட்டையை அழுத்தும் ஏற்பாட்டைச் செய்துகொண்டனர். மாட்டை நிறுத்துவது வேறு, வண்டியை நிறுத்துவது வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

டிராக்டருக்கும் இந்த நியாயமே பொருந்தும். 2 டன் எடையுள்ள டிராக்டர் ஒன்று, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தனியாகச் செல்கையில், பிரேக் பிடித்தால் 4 மீட்டரில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் பாரத்துடன் 6 டன் எடையுள்ள, பிரேக் இல்லாத டிரெய்லரை இணைக்கிறோம். மொத்த எடை 8 டன். அதாவது நான்கு மடங்கு. நிறுத்தும் சக்தி பழைய அளவிலேயே இருக்குமானால், நிற்கும் தூரமும் நான்கு மடங்காகி 16 மீட்டர் ஆகிறது. வேகம் 30 கிலோமீட்டரானால், அத்தூரம் 36 மீட்டராகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கு உயரும்போது நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்கு உயர்வது இயற்கை விதி. ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு காலை அழுத்துவதற்குள் செல்லும் சுமார் 8 மீட்டர் இக்கணக்கில் சேரவில்லை. சாலையைக் கடக்கும் பள்ளிச் சிறுவனுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இறக்கத்தில் நிலைமை இன்னும் கடுமையாகிறது. 20 அடிக்கு 1 அடி இறங்கும் சாதாரணச் சரிவில், 6 டன் டிரெய்லரின் எடையில் 300 கிலோ டிராக்டரை முன்னோக்கித் தள்ளும் விசையாக மாறுகிறது. 10 அடிக்கு 1 அடி சரிவானால் அது 600 கிலோ. வளைவில் இந்தத் தள்ளுதல் நேராக வராமல் பக்கவாட்டில் வரும். அப்போது டிராக்டரின் பின்பாகம் விலகி, டிராக்டரும் டிரெய்லரும் மடக்குக் கத்தி மடிவதுபோல் மடிந்துவிடும். இவ்வகை விபத்தில் டிராக்டர் கவிழ்வது எளிது. ஓட்டுபவர் தப்புவது அரிது.

ஆகவே அடிப்படை விதி ஒன்றே. ஒவ்வொரு வண்டியும் தன் எடையைத் தன் சக்கரங்களாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்வண்டி முன்வண்டியைத் தள்ளவும் கூடாது. அளவுக்கு மீறிப் பின்னுக்கு இழுக்கவும் கூடாது.

பிரேக் வகைகள்

டிரெய்லருக்குரிய பிரேக்குகளில் நான்கு வகைகளை முக்கியமாகக் கூறலாம்.

முதலாவது, பாரத்தின் தள்ளுதலாலேயே இயங்குவது. இதனை ‘ஓவர்ரன்’ பிரேக் என்பர். முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னே தள்ளுகிறது. இணைப்பிலுள்ள தண்டு உள்ளே நகர்கிறது. அந்த நகர்வு ஒரு நெம்புகோலின் வழியாகக் கம்பியை இழுத்து டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கச் செய்கிறது. தள்ளும் விசையையே நிறுத்தும் விசையாக மாற்றும் அழகிய ஏற்பாடு இது. எண்ணெய்க் குழாயோ மின்சாரமோ இதற்கு வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுபவர் தாமாக இதனை இயக்க முடியாது. பின்னோக்கிச் செல்லும்போதும் தண்டு உள்ளே நகர்வதால், அச்சமயம் பிரேக் பிடிக்காமலிருக்கத் தனி ஏற்பாடு தேவை. ஐரோப்பிய நாடுகளில் கார் முதலியவை இழுக்கும் டிரெய்லர்களில் 750 கிலோவுக்கு மேற்பட்டவற்றுக்குப் பிரேக் கட்டாயம். ஓவர்ரன் வகை 3,500 கிலோ வரையே அங்கு அனுமதிக்கப்படுகிறது.

இரண்டாவது, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக். டிராக்டரின் பிரேக் மிதியை அழுத்தும்போது, அதற்கேற்ற அளவில் எண்ணெய் குழாய் வழியே டிரெய்லருக்குச் சென்று பிரேக் ஷூக்களை விரிக்கிறது. ஓட்டுபவரின் கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவே டிரெய்லரும் பிடிக்கும். இதற்குரிய வால்வு டிராக்டரில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, காற்றழுத்தப் பிரேக். காற்றை அழுத்திச் சேமிக்கும் கம்ப்ரஸர் டிராக்டரில் வேண்டும். மிகக் கனமான டிரெய்லர்களுக்கு இது ஏற்றது.

நான்காவது, மின்சாரப் பிரேக். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் விவசாயிகள் சிறு லாரிகளில் கட்டி இழுக்கும் டிரெய்லர்களில் இது மிகுதி. டிரம்மினுள் மின்காந்தம் ஒன்று இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது டிரம்மைப் பற்றி, ஷூக்களை விரியச் செய்யும். எவ்வளவு மின்சாரம் பாய வேண்டும் என்பதை ஓட்டுபவரின் அருகிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி தீர்மானிக்கிறது. அக்கருவியிலும் இரு வகை உண்டு. ஒன்று, மிதியைத் தொட்டதிலிருந்து குறித்த நேரத்தில் மின்சாரத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவது. விலை குறைவு, ஆனால் மெதுவாக நிறுத்தும்போது தேவைக்கு மேல் பிடிக்கும், திடீரென நிறுத்தும்போது தாமதமாகப் பிடிக்கும். மற்றொன்று, வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை உணர்ந்து, அதற்கேற்ற விகிதத்தில் மின்சாரம் அனுப்புவது. பாரமான டிரெய்லருக்கு இந்த இரண்டாம் வகையே சிறந்தது.

ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர்களின் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். ஓட்டுபவர் தம் இடத்திலிருந்தே அவற்றை இயக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். கொக்கி கழன்றால் தானாகவே பிரேக் பிடித்து, 15 நிமிஷமாவது டிரெய்லரை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

தேர்வுக்கு அடிப்படை விலையன்று. பாரத்தின் எடையும் செல்லும் பாதையுமே ஆகும். வயலுக்கும் களத்துக்கும் இடையே சமதரையில் மெதுவாகச் செல்லும் சிறு டிரெய்லருக்கு ஓவர்ரன் வகை போதும். ஆலைக்குக் கரும்பு கொண்டுசெல்வது, இறக்கமுள்ள சாலையில் ஓடுவது, பல டன் ஏற்றுவது ஆகியவற்றுக்கு டிராக்டரின் மிதியோடு இணைந்த ஹைட்ராலிக் வகையே தக்கது. டிராக்டரில் அதற்குரிய இணைப்பு உண்டா, பின்னர்ப் பொருத்த இயலுமா என்பதை டிரெய்லருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். எவ்வகையாயினும், நிறுத்தி வைக்கும் கைப்பிரேக்கும், இணைப்பு முறிந்தாலும் டிரெய்லரைப் பிரியவிடாத கனமான சங்கிலியும் இன்றியமையாதவை.

சீர்செய்யும் முறை

நல்ல பிரேக்கும் தவறாக அமைந்தால் தீமையே செய்யும். நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. தறியில் பாவு உருளையைச் சுற்றிக் கயிறிட்டு, எடை தொங்கவிட்டு, உருளை தானே ஓடாமல் தடுக்கிறார்கள். எடை குறைந்தால் பாவு தொய்கிறது. மிகுந்தால் இழை அறுகிறது. உருளையில் பாவு குறையக் குறைய எடையையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். டிரெய்லர் பிரேக்கும் அவ்வாறே. பாரத்துக்கு அமைத்த பிடி காலி வண்டிக்கு மிகை. சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொண்டு சறுக்கும். காலி வண்டிக்கு அமைத்த பிடியோ பாரத்துக்குப் போதாது.

முதலில் டிராக்டரைக் கவனிக்க வேண்டும். அதன் இடது, வலது பிரேக் மிதிகள் தனித்தனியே இயங்குவது வயலில் திரும்புவதற்காக. சாலைக்கு வந்ததும் இரண்டையும் இணைக்கும் தாழ்ப்பாளைப் போட்டே தீர வேண்டும். இரு மிதிகளின் வெற்று நகர்வும் சமமாக இருக்க வேண்டும். அதன் அளவு டிராக்டருடன் தரப்படும் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்தால், வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பது தெரிந்துவிடும். இழுக்குமாயின், அதைச் சரிசெய்யாமல் டிரெய்லரை இணைக்கலாகாது.

அடுத்தது டிரெய்லர். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சீர்செய்யும் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்த வேண்டும். ஷூ டிரம்மைத் தொட்டு உரசும் வரை திருகி முறுக்கி, பின்னர்ச் சக்கரம் தடையின்றிச் சுழலும் வரை தளர்த்த வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவில் இருத்தல் அவசியம். லைனிங்கில் கிரீஸ் படிந்திருந்தால் எத்தனை முறுக்கினாலும் பயனில்லை. கிரீஸ் கசியும் இடத்தை அடைத்து, லைனிங்கை மாற்றுவதே வழி. சில கிலோமீட்டர் ஓட்டியபின் சக்கரக் குடத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், எப்பக்கம் மிகுதியாகச் சூடேறியிருக்கிறதோ அப்பக்கம் பிரேக் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அறியலாம்.

இறுதியாக, பாரத்துடன் சோதனை. வழக்கமான பாரத்தை ஏற்றி, உலர்ந்த, சமமான, ஆளில்லாத பாதையில் மெதுவாகச் சென்று பிரேக் பிடிக்க வேண்டும். பின்னாலிருந்து இடி விழுந்தால் டிரெய்லரின் பிடி போதாது. பின்னுக்குச் சுண்டி இழுத்தாலோ, சக்கரங்கள் சறுக்கிய கோடு தரையில் விழுந்தாலோ பிடி அதிகம். டிரெய்லர் ஒரு நொடியின் சிறு பகுதியேனும் முந்திப் பிடித்து, இணைப்பு எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருப்பது உத்தமம். மின்சாரப் பிரேக் உள்ளவர்கள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கட்டுப்பாட்டுக் கருவியின் கைப்பிடியை மட்டும் இயக்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவை முதலில் கண்டு, அதற்குச் சற்றுக் கீழே திருகை வைப்பர். பாரம் மாறும்போதெல்லாம் அளவையும் மாற்றுவர்.

பாரம் ஏற்றுதலும் ஓட்டுதலும்

இரு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும். அப்போது அதில் ஒரு பகுதி டிராக்டரின் பின்சக்கரங்களை அழுத்தி, அவற்றுக்குத் தரைப்பிடிப்பைத் தரும். பாரம் பின்னே மிகுந்தால் கொக்கி மேலே தூக்கப்பட்டு, டிராக்டரின் பிரேக்கும் பயனற்றுப்போகும். முன்னே அளவு மீறினாலோ டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டெழும். ஸ்டியரிங் கைக்கு அடங்காது. டிரெய்லரை அதற்குரிய தாழ்ந்த கொக்கியிலேயே மாட்ட வேண்டும்; உயர்ந்த இடத்தில் மாட்டி இழுத்தால் டிராக்டர் பின்புறமாகக் கவிழக்கூடும்.

இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். எரிபொருள் மிச்சமாகும் என்றெண்ணி நியூட்ரலில் விடுவதும், கிளட்சை மிதித்துக்கொண்டே இறங்குவதும் உயிரைப் பணயம் வைப்பதாகும். எஞ்சினே ஒரு பிரேக் என்பதை மறக்கலாகாது. ஓடையையோ சேற்றையோ கடந்தபின், சிறிது தூரம் பிரேக்கை மெல்ல அழுத்தியபடியே சென்று லைனிங்கை உலர்த்திக்கொள்ள வேண்டும். பாரத்தின் மேலும் கொக்கியின் மேலும் ஆட்கள் அமர்ந்து வருவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கலாகாது.

சங்கம் செய்யக்கூடியது

இவற்றையெல்லாம் தனி அங்கத்தினர் ஒருவரே செய்துகொள்வது கடினம். சங்கமாகச் சேர்ந்தால் எளிது. டிரெய்லர்களுக்கு விலைப்புள்ளி கோரும்போது, எல்லாச் சக்கரங்களிலும் பிரேக், கைப்பிரேக், சங்கிலி ஆகியவற்றை நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். அவ்வாறு எழுதாவிடில், பிரேக் இல்லாத டிரெய்லரே மிகக் குறைந்த விலைப்புள்ளியாக வந்து நிற்கும். குறைந்ததை ஏற்க வேண்டும் என்ற நல்ல விதியே கெட்ட பலனைத் தந்துவிடும். வண்டி வந்து சேர்ந்ததும், பணம் கொடுக்கும் முன்பு பாரம் ஏற்றி நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய டிரெய்லர்களுக்குப் பிரேக் பொருத்த விரும்பும் அங்கத்தினர்கள் பலர் சேர்ந்து ஒரே பட்டறையில் வேலையை ஒப்படைத்தால் செலவு குறையும். ஆண்டுதோறும் கரும்பு வெட்டு தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்து, எல்லா வண்டிகளையும் ஓரிடத்தில் சோதித்து, பதிவேட்டில் குறித்து வைப்பதும் நலம்.

பிரேக்குக்குச் செலவிடும் பணம் ஒரு மூட்டையையும் கூடுதலாக ஏற்றித் தராது. ஒரு நடையையும் விரைவாக்காது. ஆகையால்தான் அது தள்ளிப்போடப்படுகிறது. ஆனால் ஏற்றிய பாரம் ஆலையைச் சேர்வதும், ஓட்டிச் சென்றவர் வீடு சேர்வதும் அதைப் பொறுத்தே இருக்கின்றன. அடுத்த பருவம் தொடங்குமுன் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் டிரெய்லரின் சக்கரத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்; அங்கே பிரேக் இல்லையாயின், அதனைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக எடுத்துரைக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.