ஈத்தைக்குள் ஒரு தகப்பன்

களக்காடு–முண்டந்துறை மழைக்காட்டில் ஓடைக்கரை நெடுக ஈத்தை அடர்ந்து நிற்கும். மெல்லிய தண்டும் நீண்ட இடைக்கணுவும் கொண்ட மூங்கில் இனம் இது. கேரளத்தில் ஈற்ற என்பார்கள். கூடை முடைபவர்களுக்கு நன்கு பழகிய செடி. மழைக்காலத்தில் இந்தத் தண்டுக்குள்ளிருந்து தவளைச் சத்தம் கேட்கும்.

உடம்பு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர்தான். இலைப்பச்சை நிறம், கரிய கண்ணில் பொன் தூவியதுபோல் புள்ளிகள். ராவோர்செஸ்டஸ் கலாசோடஸ் என்ற இந்த மரத்தவளைக்கு 1876-இல் விலங்கியலாளர் குந்தர் பெயரிட்டார். பிறகு நூறாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படவில்லை. மீண்டும் கிடைத்துவிட்டது என்ற செய்தி 2011-இல்தான் வந்தது. அது முட்டையிடும் இடத்தைத் தேடிப் போன கே. எஸ். சேஷாத்ரியும் உடன் ஆய்வாளர்களும் கண்டது, தவளை உலகில் அதுவரை பதிவாகாத ஒரு வழக்கத்தை.

பூச்சியோ எலியோ குடைந்து வைத்த கீறல் ஒன்று தண்டில் இருக்க வேண்டும். அதன் அகலம் சில மில்லிமீட்டர்தான். ஆண் தவளை உடம்பை ஒடுக்கி உள்ளே நுழைந்து, அங்கிருந்தே துணையை அழைக்கும். பெண் வந்து ஐந்து முதல் எட்டு முட்டைகளை உள்சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விடும். குளமும் வேண்டாம், தலைப்பிரட்டைப் பருவமும் கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளைக்குஞ்சாக வளர்ந்து வெளிவரும். அதுவரை காவல் தகப்பன்தான். இரை தேட அந்தி நேரத்தில் சிறிது வெளியே போய்த் திரும்புவதோடு சரி.

இந்தக் காவல் எதற்கு? ஆண்களை அகற்றிப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு என்னை உலுக்கியது. காவலில்லாத முட்டைகளில் பெரும்பகுதி அழிந்தது. அவற்றைத் தின்றவற்றில் முதன்மையானவை அதே இனத்தின் வேறு ஆண் தவளைகள். பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சித்தான் தகப்பன் உட்கார்ந்திருக்கிறது என்று நாம் நினைத்திருப்போம்; அது முதலில் தடுப்பது சொந்த இனத்தானை.

இத்தனைக்கும் அந்த ஓட்டையைத் தவளையால் போட முடியாது. ஈத்தை நிற்க வேண்டும், அதை யாரோ குடைந்திருக்க வேண்டும். காப்புக்காடுகளுக்கு வெளியே, மேற்குத் தொடர்ச்சி மலையின் பல இடங்களில் கூடைக்கும் காகிதக் கூழுக்கும் ஈத்தை வெட்டப்படுகிறது. வெட்டுகிறவர்களின் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. மழை மாதங்களில் மட்டுமாவது, கீறல் விழுந்த தண்டுகளை விட்டுவைக்கலாம். எந்தத் தண்டுக்குள் தகப்பன் உட்கார்ந்திருக்கிறது என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது.