தைப்பிங் பழைய நகரில் அறை எடுக்கிறீர்களா? முதலில் மாடிப்படியைப் பற்றிக் கேளுங்கள்

தைப்பிங்: திருமணம், கோயில் திருவிழா, மருத்துவமனையில் இருக்கும் உறவினர் என ஏதாவது ஒரு காரணத்துக்காகக் குடும்பத்தோடு தைப்பிங் வந்து ஓரிரவு தங்குவோர் பலர். பழைய நகரில் கடைவீடுகள் சில இன்று தங்கும் விடுதிகளாகியுள்ளன. படத்தில் அழகாகத் தெரியும் கட்டடம் உடன் வரும் பாட்டிக்கு ஒத்துவருமா என்பதை அறை எடுக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

1880-இல் பெருந்தீ தைப்பிங்கை அழித்தது. அதன் பிறகு நகரம் அகலமான தெருக்களோடும் செங்கல் கட்டடங்களோடும் எழுந்தது. கீழே கடை, மேலே வீடு, முன்னால் அஞ்சடி என்பதே கடைவீட்டின் அமைப்பு. முகப்பு குறுகல், உள்ளே நீளம். பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டோடு ஒட்டியிருப்பதால் முன்புறம், பின்புறம், நடுமுற்றம் ஆகிய மூன்று இடங்களில்தான் வெளிச்சமும் காற்றும் வரும்.

இதை அறைகளாகத் தடுக்கும்போது நடுவில் சன்னலே இல்லாத அறைகள் அமைவதுண்டு. வாடகை குறைவாக இருந்தால், "சன்னல் எந்தப் பக்கம் திறக்கும்?" என்று கேளுங்கள். தெருவைப் பார்த்த அறையில் வெளிச்சம் உண்டு. வாகனச் சத்தமும் உண்டு.

அடுத்தது மாடிப்படி. பழைய மரப்படிகள் செங்குத்தானவை; மின்தூக்கி இல்லாத விடுதிகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறையும், அறைக்குள்ளேயே கழிவறையும் உண்டா என்று தொலைபேசியில் உறுதிப்படுத்துங்கள். தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி எங்கே என்பதையும் கேளுங்கள். விடுதி நடத்துபவர் இதற்கு உடனே பதில் சொல்ல வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெய்யும் நகரங்களில் ஒன்று தைப்பிங். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பிற்பகலில் கொட்டும் மழையில் பெட்டியோடு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், கார் எங்கே நிறுத்தலாம் என்பதும் முக்கியம்.

தமிழ்நாட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வந்தால், அவர்கள் பெயரில் எடுக்கும் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. மலேசியர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இது இல்லை. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

சரியான பதில் கிடைக்காவிட்டால், மின்தூக்கி உள்ள புதிய விடுதியில் தங்குங்கள். பழைய நகரைக் காலையில் மழைக்கு முன் நடந்தே பார்த்துவிடலாம். 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகமும் ஏரிப் பூங்காவும் அதிகத் தூரமில்லை.