பேகம்பேட் மெட்ரோவிலிருந்து மூன்று ஸ்டேடியங்கள்: ஹைதராபாத்தின் பழைய மைதானம் ஏன் அரசியல் மேடையானது?

வேலைக்காக ஹைதராபாத் வந்து பேகம்பேட் பக்கம் தங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் இந்த ஊரின் விளையாட்டு வரலாறு உங்கள் மெட்ரோ மேப்பிலேயே இருக்கிறது. நீல லைனில் கிழக்கே போனால் 'ஸ்டேடியம்' என்றே ஒரு ஸ்டேஷன் வரும். உப்பல் கிரிக்கெட் மைதானத்துக்கு அங்கேதான் இறங்க வேண்டும். மேற்கே கடைசி ஸ்டேஷன் ராய்துர்க். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் கச்சிபௌலி ஸ்டேடியம். இரண்டுமே 2000க்குப் பிறகு வந்தவை.

இந்த இரண்டுக்கும் முன்னால் ஊருக்கு இருந்த ஒரே பெரிய ஸ்டேடியம் மூன்றாவது. அடுத்த ஸ்டேஷனான அமீர்பேட்டில் சிவப்பு லைனுக்கு மாறி, அசெம்பிளி ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். பெயர் லால் பகதூர் ஸ்டேடியம், சுருக்கமாக எல்.பி. ஸ்டேடியம். (அதே லைனின் கடைசியில் வரும் எல்.பி. நகர் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

செய்திகளில் இந்தப் பெயர் இப்போதும் அடிக்கடி அடிபடுகிறது. ஆனால் ஸ்போர்ட்ஸ் பக்கத்தில் அல்ல, அரசியல் பக்கத்தில். அது ஏன் என்று பார்ப்போம்.

பெயர் எப்படி வந்தது?

இதன் பழைய பெயர் ஃபதே மைதான். 'ஃபதே' என்றால் வெற்றி. 1687இல் ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டா கோட்டையை எட்டு மாதம் முற்றுகையிட்டபோது, முகலாய வீரர்கள் முகாமிட்டிருந்த வெட்டவெளி இது என்பார்கள். கோட்டை விழுந்ததும் வெற்றி மைதானம் என்று பெயர் வந்தது. நிஜாம்கள் காலத்தில் இங்கே போலோ ஆடினார்கள். 1950வாக்கில் செகந்திராபாத் ஜிம்கானா மைதானத்திலிருந்து பெரிய கிரிக்கெட் இங்கே இடம் மாறியது. முன்னாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியின் நினைவாக 1967இல் இப்போதைய பெயர் வைக்கப்பட்டது.

இங்கே என்னென்ன நடந்தது?

ஹைதராபாத்தின் முதல் டெஸ்ட் 1955 நவம்பரில் இங்கேதான் நடந்தது. நியூசிலாந்துக்கு எதிராக பாலி உம்ரிகர் 223 ரன் எடுத்தார். டெஸ்டில் ஓர் இந்தியர் அடித்த முதல் இரட்டைச் சதம் அது.

1969இல் மறுபடியும் நியூசிலாந்து. பிட்ச்சில் வெட்டியிருக்க வேண்டிய புல்லை நடுவர்கள் வெட்டாமல் விட்டுவிட, இந்தியா 89 ரன்னுக்குச் சுருண்டது. இரண்டாவது இன்னிங்ஸிலும் 76 ரன்னுக்கு 7 விக்கெட் போய்விட்டது. மழை வந்துதான் இந்தியாவைக் காப்பாற்றியது. 1988இல் மூன்றாவது டெஸ்ட், அதுவும் நியூசிலாந்துடன். இந்த முறை இந்தியா ஜெயித்தது.

1983 உலகக் கோப்பையை வென்ற பிறகு இந்தியா ஆடிய முதல் ஒருநாள் போட்டியும் இங்கேதான் நடந்தது. 1999இல் சச்சின் 186, டிராவிட் 153 அடித்து, இருவரும் சேர்ந்து 331 ரன் குவித்ததும் இதே மைதானத்தில்தான். ஒருநாள் போட்டிகளில் அந்த ஜோடி சாதனை 2015 வரை உடையவில்லை.

கால்பந்து?

இந்த ஊரின் உண்மையான பெருமை கால்பந்துதான். ஹைதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதன் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். பந்தை உருட்டிக்கொண்டே ஓடாமல் உடனே பாஸ் செய்யப் பழக்குவதற்காக, டிரிப்ளிங்குக்குத் தடை போட்டே டோர்னமென்ட் நடத்தியவர். அவர் பயிற்சியில் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பிடித்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது.

தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அந்தத் தங்க அணியில் ஆடிய துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார் கிளப்பில் தொடங்கி, மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவர்.

பிறகு என்ன ஆயிற்று?

எல்.பி. ஸ்டேடியம் கிரிக்கெட் சங்கத்தின் சொத்து அல்ல. அரசின் விளையாட்டு ஆணையத்தின் கையில் இருக்கும் பொது மைதானம். சொந்த மைதானம் வேண்டும் என்று சங்கம் உப்பலில் கட்டியது. எல்.பி.யில் கடைசி ஒருநாள் போட்டி 2003 நவம்பரில். உப்பலில் முதல் போட்டி 2005 நவம்பரில். உப்பலின் முதல் இரண்டு டெஸ்ட்களிலும் எதிரணி நியூசிலாந்தேதான்! அதில் இரண்டாவதில், 2012இல், நம்ம அஸ்வின் 12 விக்கெட் எடுத்தார்.

கால்பந்துக்கும் தடகளத்துக்கும் கச்சிபௌலி வந்தது. 2008இல் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை ஆட்டங்கள் எல்.பி.யில் நடந்தன. ஆனால் 2021-22 ஐ.எஸ்.எல். சாம்பியனான ஹைதராபாத் எஃப்.சி.யின் சொந்த மைதானமாக இருந்தது கச்சிபௌலி.

நகரின் நடுவில் இவ்வளவு பெரிய காலி இடம் இருந்தால் அரசியல் சும்மா விடுமா? 1983இல் என்.டி.ஆர்., 2004இல் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி, 2023 டிசம்பரில் ரேவந்த் ரெட்டி: மூவரும் முதல்வராகப் பதவியேற்றது இங்கேதான். 1983இல் ஜனவரியில் பதவியேற்பு, செப்டம்பரில் கிரிக்கெட் என இரண்டுக்கும் இடம் இருந்தது. இப்போது பெரிய ஆட்டங்கள் போய்விட்டன, மேடை மட்டும் தங்கிவிட்டது.

அதனால் என்ன நஷ்டம்?

ஆயிரக்கணக்கானோர் நடந்து, லாரிகள் ஏறி, பந்தல் கால் நட்டால் மண் இறுகிவிடும். இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது, புல் வேர் பிடிக்காது. ஒரு நாள் விழாவுக்குப் பிறகு தரை பழைய நிலைக்கு வர பல வாரம் ஆகலாம். அத்தனை நாளும் காத்திருக்க வேண்டியவர்கள் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள்தான்.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, சென்னையிலேயே. உம்ரிகர் சாதித்த அதே தொடரின் கடைசி டெஸ்ட், 1956 ஜனவரியில், சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தது. வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். 1967இல் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கம் திரும்பிவிட்டது. ஆனால் அந்த மைதானம் வீணாகவில்லை. 1993இல் புதுப்பிக்கப்பட்டு, இன்று நாம் நேரு ஸ்டேடியம் என்று சொல்லும் கால்பந்து, தடகள அரங்கமாக இருக்கிறது.

ஜெர்மனியிலும் இதே கதைதான். 1972 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய மியூனிக் ஸ்டேடியத்தை விட்டு பயர்ன் மியூனிக் அணி 2005இல் சொந்த மைதானத்துக்குப் போனது. உப்பலில் முதல் போட்டி நடந்த அதே வருடம். அங்கே கச்சேரிகளும் நடக்கின்றன. ஆனாலும் ஓடுதளம் பிழைத்திருக்கிறது. 2022 ஐரோப்பிய தடகளப் போட்டி அங்கேதான் நடந்தது.

ஆக, பெரிய அணி வெளியேறுவது ஒரு பழைய மைதானத்தின் முடிவு அல்ல. அடுத்து எந்த விளையாட்டுக்கு அது சொந்தம் என்று முடிவெடுக்காமல் விடுவதுதான் பிரச்சினை. உப்பலும் கச்சிபௌலியும் ஊரின் இரு ஓரங்களில் இருக்கின்றன. நாம்பள்ளியிலோ அபிட்ஸிலோ வளரும் ஒரு பையனோ பெண்ணோ பள்ளி விட்டதும் நடந்தே போகக்கூடிய ஸ்டேடியம் எல்.பி. மட்டும்தான்.

அடுத்த முறை அங்கே ஒரு பிரம்மாண்ட விழா என்று செய்தி வந்தால், எத்தனை நாள் ஆட்டம் நிற்கும் என்றும் கேட்டுப் பாருங்கள்.