செம்பருத்தி ராத்திரியில் வெள்ளையாகும், தெரியுமா?

பகலெல்லாம் பச்சையாக நிற்கும் செம்பருத்தி, இருட்டியதும் உங்கள் வாசல் கேமராவில் வெள்ளைவெளேரென்று தெரிவதைக் கவனித்திருக்கிறீர்களா? செடிக்கு நோய் எதுவும் இல்லை. அதிசயம் இலைக்குள்ளேயே இருக்கிறது!

வெளிச்சம் குறைந்ததும் கேமரா தானாகவே அகச்சிவப்பு ஒளியை வீசிப் பார்க்கத் தொடங்குகிறது. பல கேமராக்களில் அதன் அலைநீளம் 850 நானோமீட்டர். நம் கண்ணுக்கு ஏறக்குறைய எட்டாத ஒளி. வெயிலை உறிஞ்சி உணவு சமைக்கிற அதே இலை, இந்த ஒளியில் மட்டும் பாதியளவைத் திருப்பி அனுப்பிவிடுகிறது! அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910-லேயே அகச்சிவப்பில் படமெடுத்துக் காட்டினார். மரங்களெல்லாம் பனி மூடியதுபோல் வெளுத்து நின்றன. வயலில் பயிர் செழிப்பாக இருக்கிறதா என்று செயற்கைக்கோள்கள் வானத்திலிருந்து கண்டுபிடிப்பதும் இந்தக் குணத்தை வைத்துத்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சன்ஷேடுக்குக் கீழே மாட்டிய கேமராவிலிருந்து 1 அடியில் ஒரு கொத்து இலை. 20 அடியில் கேட்டைத் திறக்கும் ஓர் ஆள். கேமரா வீசும் ஒளி அந்த ஆள்மேல் விழுவதைவிட இலைமேல் எத்தனை மடங்கு அதிகம் விழும், சொல்லுங்கள்? 400 மடங்கு! தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறைந்துகொண்டே போகிறது. இலையின் பளபளப்பைச் சமாளிக்கக் கேமரா முழுப் படத்தையும் மங்கலாக்கிவிடும். கேட்டருகே நிற்பவர் இருட்டோடு இருட்டாகிவிடுவார். அதனால் பகலில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இரவு 8 மணிக்கு, காற்றடிக்கும்போது, கேமராப் படத்தை மொபைலில் பாருங்கள். இலை குறுக்கே வந்தால் கிளையை வெட்ட வேண்டியதுதான்.

புதரை வெட்டித் திருடனைத் தடுக்கும் யோசனை எத்தனை பழையது தெரியுமா? 1285-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் கொண்டுவந்த வின்செஸ்டர் சட்டம், பெருவழிகளின் இருபுறமும் 200 அடிவரை ஆள் பதுங்கும் புதர்களை அகற்றச் சொன்னது! ஓக் போன்ற பெரிய மரங்கள் நிற்கலாம், அடியில் வெட்டவெளியாக இருந்தால் போதும். இன்றைய பாதுகாப்பு வல்லுநர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள்: புதர் 3 அடிக்குள், மரக்கிளை 7 அடிக்கு மேல்.

எல்லாவற்றையும்விட வியப்பானது இது: நுனியை மட்டும் கத்தரித்தால் செடி இன்னும் அடர்த்தியாகும்! நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன்தான் பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனதும் அவையெல்லாம் துளிர்த்துக் கிளம்பும். மறைத்த ஒரு கிளைக்குப் பதில் நாலு கிளை! ஆகவே மறைக்கிற கிளையை, அது தாய்க்கிளையிலிருந்து பிரியும் இடத்திலேயே எடுத்துவிடுங்கள். பூ போய்விடுமே என்ற கவலை வேண்டாம். செம்பருத்தியும் காகிதப்பூவும் புதுத் துளிரில்தான் பூக்கும். குண்டுமல்லி விவசாயிகள் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. மட்டும் விட்டுக் கவாத்து செய்வதே அடுத்த பருவத்துப் பூவுக்காகத்தான். வாசல் மல்லிக்கும் அந்த நாளையே வைத்துக்கொள்ளலாம்.

அரளி என்றால் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. செடி முழுக்க விஷம், எரித்தால் புகையும் விஷம். கையுறை போட்டு வெட்டுங்கள், சருகோடு சேர்த்துக் கொளுத்தவே கூடாது.

கத்தரி வைக்கும் முன் இலைகளைக் கொஞ்சம் விலக்கியும் பாருங்கள். தையல்சிட்டு, இலைகளின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சும் நாரும் கோத்துத் தைத்து அதற்குள்ளே கூடு கட்டும் குருவி! வாசல் செடிகள் அதற்கு மிகவும் பிடிக்கும். கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை அந்தக் கிளையைத் தொடாதீர்கள். அதுவரை ஸ்க்ரூவைத் தளர்த்திக் கேமராவைச் சற்றே திருப்பி வைத்துக்கொள்ளலாம்.