குடலடைப்பும் குருதி கூறுங் குறிப்பும்

நோயுற்றவர் தம் நோவின் இடத்தையும் இயல்பையும் எடுத்துரைப்பாராயின், வைத்தியர்க்கு அதுவே பாதி வழிகாட்டியாகும். ஏழெட்டு மாதக் குழந்தைக்கோ அழுகையன்றி வேறு மொழி இல்லை. அக்குழந்தை திடீரென வீறிட்டழுது கால்களை வயிற்றோடு மடக்கும், சற்று நேரத்தில் ஒன்றும் நேராதது போல அயர்ந்து கிடக்கும், பின்னர் மீண்டும் வீறிடும், வாந்தியெடுக்கும். இவை குடற்செருகலின் அறிகுறிகளாக இருத்தல் கூடும். சிறு குழந்தைகட்கு உண்டாகும் குடலடைப்புக்களுள் தலைமையானது இதுவே.

சட்டைக் கையின் நுனியை உள்ளே மடித்துச் செருகினால் துணி எவ்வாறு ஒன்றனுள் ஒன்றாய் அமையுமோ, அவ்வாறே குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதியினுள் நுழைந்துவிடுவதைக் குடற்செருகல் என்பர். பெரும்பாலும் சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில் இது நிகழும். நுழையும் குடல் தனியே செல்வதில்லை. தன்னைத் தாங்கும் மடிப்பையும் அதனூடு ஓடும் குருதிக் குழாய்களையும் உடனிழுத்துச் செல்கின்றது. மெல்லிய சுவருடைய நாளங்களே முதலில் நசுங்குகின்றன. உட்சென்ற குருதி வெளியேற வழியின்றிக் குடல் வீங்குகின்றது. சளியும் குருதியுங் கலந்து மலத்தோடு வெளிப்படுகின்றன. வீக்கம் முற்றவே நாடிகளும் அடைபட, ஒட்சிசன் கிட்டாத குடற்பகுதி இறந்துபடும். முதற்படிக்கும் இறுதிப்படிக்கும் இடையேயுள்ள காலம் சில மணி நேரமாகவும் இருக்கலாம். ஓரிரு நாளாகவும் இருக்கலாம். இந்நோயின் கொடுமை இதுவே.

சிகிச்சை இருவகைத்து. 1871ஆம் ஆண்டில் இலண்டனில் ஜொனதன் ஹச்சின்சன் என்னும் சத்திர வைத்தியர் இரண்டு வயதுப் பெண்குழந்தையொன்றின் வயிற்றைத் திறந்து, செருகிய குடலை விடுவித்து வெற்றி கண்டார். 1876இல் கொப்பனேகனில் ஹரல்ட் ஹிர்ஷ்ஸ்புறுங் என்பார், மலவாயில் வழியே நீரைச் செலுத்தி, அதன் அழுத்தத்தாற் குடலைப் பின்தள்ளும் முறையை எடுத்துக் கூறினார். இன்று நீருக்குப் பதிலாகக் காற்றுஞ் செலுத்தப்படுகின்றது. 120 மில்லிமீற்றர் இரச அழுத்தத்தைத் தாண்டலாகாது என்பது பொதுவிதி. பயின்ற கைகளிற் பத்துக் குழந்தைகளுள் எண்மர் அளவிற் கத்தி படாமலே குணமடைகின்றனர். ஆயினும் குடல் இறந்தோ துளைபட்டோ இருக்குமாயின் அழுத்தத்தைச் செலுத்துவது பேராபத்தாகும். வீணே வயிற்றைத் திறப்பது குழந்தைக்குத் துன்பம். திறக்க வேண்டியபோது திறவாமை உயிரிழப்பு. கழியொலிப் படம் செருகல் இருக்கும் இடத்தைத் தெளிவாகக் காட்டும். அங்குள்ள குடல் எவ்வளவு கெட்டுள்ளது என்பதை முழுதுங் காட்டாது.

இவ்விடத்திலேதான் குருதிப் பரிசோதனை துணைக்கு வருகின்றது. 1930இல் நியூ யோர்க்கிலுள்ள றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் றிலெற், பிரான்சிஸ் என்னும் இருவர், நுரையீரல் அழற்சியுற்றோரின் குருதிநீரில் ஒரு பொருளைக் கண்டனர். நியுமோக்கொக்கசு என்னும் பற்றீரியாவின் ‘சீ’ என்ற கூற்றோடு அது தாக்கமுற்றமையாற் சீ-தாக்கப் புரதம் எனப் பெயர் பெற்றது. உடலின் எப்பகுதி அழன்றாலும் ஈரல் இதனை ஆக்கும். எனினும் அது மெல்லவே எழுவது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தின் பின் ஏறத் தொடங்கி, இரண்டாம் நாளளவில் உச்சத்தை அடையும். ஆதலின் நோய் தொடங்கி மூன்று மணி நேரத்திற் கொணரப்பட்ட குழந்தையிடம் அது குறைந்திருப்பது கண்டு மகிழ்வது பேதைமை. காய்ச்சலுந் தடிமனும் உடைய குழந்தையிடம் அது உயர்ந்திருப்பது கண்டு வெருள்வதும் அத்தகையதே. வெண்குழியத் தொகையோ இன்னும் உறுதி குறைந்தது. அழுகை மிகுந்தாலும் அது ஏறும்.

இலத்திக்கமிலத்தின் கதை வேறு. விரைந்தோடிய சிறுவனின் தசையிற் போலவே, ஒட்சிசன் போதாத குடலும் வெல்லத்தை முற்றாக எரிக்கமாட்டாது இவ்வமிலத்தை விடுகின்றது. குருதியில் இலீற்றருக்கு 2 மில்லிமூலுக்கு மேற்படின் ஐயுற இடமுண்டு. ஆனாற் குடலிலிருந்து வருங் குருதி முதலில் ஈரலை அடைய, ஈரல் அவ்வமிலத்தைப் பெரிதும் நீக்கிவிடுகின்றது. ஆகவே கைநாளத்தில் அது உயர்ந்து காணப்படும்போது குடல் முன்னரே பெரிதுங் கெட்டிருக்கலாம். தாழ்ந்திருப்பதும் நலத்துக்கு உறுதியன்று. உதைத்து அலறுங் குழந்தையின் கையை இறுகக் கட்டி எடுத்த குருதியோ பொய்யாகவே உயர்வு காட்டும். குடற்சுவரின் கலங்கள் சிதையுங்கால் அவற்றினின்றே கசியும் புரதமொன்று உண்டு. அதனை அளப்பது நேரிய வழியே. எனினும் அம்முறை ஆராய்ச்சி நிலையங்களைக் கடந்து சாதாரண வைத்தியசாலைகளுக்குப் பெரும்பாலும் வந்திலது.

எனவே, ஓர் எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லுதல் இங்குப் பொருந்தாது. வயிறு பலகை போல் இறுகியிருப்பின், எண்கள் யாவும் நன்றாயிருந்தாலும் சத்திரசிகிச்சையே வேண்டப்படும். வயிறு மென்மையாயும் நாடித்துடிப்புச் சீராயும் இருப்பின், புரதஞ் சற்று உயர்ந்திருந்தாலும், சத்திர வைத்தியரை அருகில் வைத்துக்கொண்டு காற்றைச் செலுத்திப் பார்க்கலாம்.

இக்குறிகள் பெரிதும் பயன்படுவது வேறொரு வகைக் குடலடைப்பிலாகும். முன்னர் வயிற்றிற் சத்திரசிகிச்சை பெற்ற குழந்தைக்கு, ஆறிய புண்ணின் தழும்புகள் குடல்களை ஒன்றோடொன்று ஒட்டி மடக்கி அடைப்பை உண்டாக்குவதுண்டு. மூக்கு வழியே குழாயிட்டு இரைப்பையை வெறிதாக்கி, நாளவழி நீரூட்டிப் பொறுத்திருப்பின் அவற்றுட் பல தாமே நெகிழும். எவ்வளவு பொறுப்பது? ஒரு நாள் என்பாரும் இரண்டு நாள் என்பாரும் உளர். சில மணிக்கொருமுறை குருதியைச் சோதிப்பது இங்கே கடிகாரத்தினும் நல்ல வழிகாட்டி. புரதமும் அமிலமும் படிப்படியாக ஏற, வயிறும் உப்பி நாடியும் விரையுமாயின், காத்திருக்குங் காலம் முடிந்தது. அவை இறங்கி வருமாயின் இன்னும் ஓர் இரவு பொறுக்கலாம்.