கடைக்குக் கீழே களஞ்சியம்: பூச்சுக்கு முன்னர் வயரிங்

அப்புத்தளை மலை முகட்டில் அமைந்த ஊர். பிரதான வீதியில் நின்று பார்த்தால் ஒரு தட்டுக் கடை. பின்பக்கம் இறங்கிப் பார்த்தால் அதற்குக் கீழே இன்னொரு தளம் இருக்கும். பண்டாரவளை, பதுளைப் பக்கங்களிலும் சரிவில் கட்டிய கடைகள் பல இப்படித்தான். மேலே கடையை அழகாக முடித்துவிடும் நம் வியாபாரிகள், கீழ்த்தளத்தைப் பூசாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெருநாள், தீபாவளி சரக்கு வந்து குவியும்போதுதான் அந்த இடத்தின் ஞாபகம் வரும். உடனே மேல் கடை பிளக்கிலிருந்து ஒரு வயரை இழுத்து, ஆணியில் பல்பைத் தொங்கவிட்டு, மூட்டைகளை அடுக்கி விடுகிறோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

என் கடைக்கும் இப்படியொரு கீழ்த்தளம் உண்டு. அதற்கு வயரிங் செய்வித்தபோது கேட்டறிந்த விடயங்களை நம் வியாபாரிகளுக்காக இங்கே தருகிறேன்.

முதலில் காலம். சுவர் பூசு முன்னரே குழாய் பதித்தால் வேலை சுலபம், செலவும் குறைவு. பூசிய பின்னர் என்றால் சுவரை வெட்ட வேண்டும், மறுபடியும் பூச வேண்டும். இப்போதைக்குப் பூசும் எண்ணம் இல்லாவிட்டால் சுவருக்கு மேலாகவே பீ.வீ.சி. குழாய் அடித்து அதற்குள் வயரை விடலாம். குழாய் இல்லாத வயரை எலி கடிக்கும், மூட்டை உரசும்.

இரண்டாவது கணக்கு. நமது மின்சாரம் 230 வோல்ட். சிறு கடைகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் 30 அம்பியர் இணைப்பில் மொத்தமாக 6,900 வாட்ஸ் வரைதான் எடுக்கலாம். 13 அம்பியர் பிளக் ஒன்றுக்கு எல்லை ஏறக்குறைய 3,000 வாட்ஸ். தண்ணீர் சூடாக்கும் கேத்தல் ஒன்றே 2,000 வாட்ஸ் இழுக்கும். 2 குதிரை வலு அரைக்கும் மெசினுக்கு 1,500 வாட்ஸுக்கு மேல் வேண்டும், அது ஓடத் தொடங்கும் நொடியில் பல மடங்கு இழுக்கும். கீழே எதை வைக்கப் போகிறீர்கள் என்று முதலில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, கீழ்த்தளத்துக்குத் தனி லைன். மேல் கடையில் உள்ள போர்டிலிருந்து லைட்டுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று எனப் பிரித்து எடுக்க வேண்டும். பிளக் லைன் விழுந்தாலும் படிக்கட்டில் மூட்டையோடு இறங்குபவர் இருட்டில் நிற்க மாட்டார். லைட்டுக்கு 1/1.13 வயரும் 6 அம்பியர் எம்.சி.பி.யும், பிளக்குக்கு 7/0.67 வயரும் 20 அம்பியர் எம்.சி.பி.யும் வழக்கம். எஸ்.எல்.எஸ். முத்திரை பார்த்து வாங்குங்கள். படியின் மேலும் கீழும் அணைக்கக்கூடிய டூ வே சுவிட்ச் போடுவது நல்லது.

நான்காவது, ட்ரிப் சுவிட்ச். எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் இதை அலட்சியப்படுத்துகிறார்கள். எம்.சி.பி. காப்பது வயரை, ட்ரிப் சுவிட்ச் காப்பது மனிதரை. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர், அதாவது 30 அம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலே வெட்டிவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் கடைப் பையனின் உயிர் இதில்தான் தங்கியிருக்கிறது. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பார்க்க வேண்டும். டீப் பிரீசர் வைப்பவர்கள் அதற்கென்று வேறு ட்ரிப் சுவிட்ச் போட்டால், வேறொரு பழுதுக்காக இரவில் சரக்கு கெடாது. எர்த் கம்பி நம் பாறை நிலத்தில் சரியாக இறங்காமல் போகலாம். ஆகவே மீற்றர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஐந்தாவது ஈரம். கீழ்த்தளத்தில் மலையை ஒட்டிய சுவரில்தான் நீர் கசியும். அந்தச் சுவரில் பிளக் வேண்டாம். பள்ளத்தாக்குப் பக்கச் சுவரிலோ இடைச் சுவரிலோ, தரையிலிருந்து நன்றாக உயர்த்திப் போடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி பதுளை மாவட்டத்தை எப்படிப் பாதித்தது என்பது நாம் கண்டதே. மெயின் சுவிட்ச் மேலே இருந்தால்தான், கீழே தண்ணீர் புகுந்தால் இறங்காமலே அணைக்க முடியும். பல்புக்கு ஈரம் புகாத மூடி போட்டு, மூட்டைகளுக்கு நேர் மேலாக இல்லாமல் நடைபாதைக்கு மேல் பொருத்துங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அப்படியான நாட்கள் மறுபடியும் வந்தாலும் ஜெனரேட்டரைக் கீழ்த்தளத்தில் வைத்து ஓட்ட வேண்டாம். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும்.

வேலையை என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியனிடம் கொடுத்து, சோதனை அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். வாடகைக் கடையாக இருந்தால் உரிமையாளரின் சம்மதத்தையும், செலவு யாருடையது என்பதையும் வேலைக்கு முன்னரே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூசு முன்னர் குழாய் போகும் சுவர்களைப் படம் பிடித்து, கடைப் பத்திரங்களோடு வைத்தால், பின்னொரு நாள் ராக்கை அடிக்க ஆணி இறக்கும் ஆளுக்கு வயர் எங்கே ஓடுகிறது என்று தெரியும்.